வன்னியும் வானொலியும்

மாலை மங்கும் நேரம். வீட்டு முற்றத்திலே ஒரு துவிச்சக்கரவண்டி தாங்கியில் நிறுத்தப்பட்டிருக்கிறது. சிறுவன் ஒருவன் அதன் மிதியைக் கையினாற் பற்றி வேகமாகச் சுற்றுகிறான். பின்சில்லு சுழல்கிறது, அதனோடு உராய்ந்துகொண்டிருக்கும் டைனமோவும் சுழல்கிறது. ஆனால் அந்த வண்டியிலே விளக்கு இல்லை. டைனமோவிலிருந்து புறப்படும் இரண்டு கம்பிகள் திண்ணையில் வைக்கப்பட்டிருக்கும் சிறியதொரு வானொலிப் பெட்டிக்குட் சென்று மறைகின்றன. பெட்டியைச் சுற்றி அயலவர்கள் குனிந்து அமர்ந்திருக்கிறார்கள். செய்தி வாசிக்கப்படுகிறது. சிறுவனின் கை சற்றுச் சோர்ந்தால் வாசிப்பவரின் குரலும் சோர்ந்துவிடும். உடனே, “சுற்றடா, சுற்றடா!” என்று பெரியவர்கள் அதட்டுவார்கள்.

இக்காட்சி ஏதோ கதையில் வருவதன்று. 1990-களிலே வடபகுதியில், சிறப்பாக வன்னிப் பெருநிலத்தில், வீட்டுக்கு வீடு காணப்பட்ட காட்சியே இது. அன்று மிதியைச் சுற்றிய சிறுவர்கள் இன்று நாற்பது வயதைத் தாண்டிய குடும்பத் தலைவர்களாக இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கைத்தொலைபேசியில் விரலை வைத்த மாத்திரத்தில் உலகத்து வானொலிகள் அனைத்தையும் கேட்கிறார்கள். இந்த இரண்டு தலைமுறைக்கும் இடையில் வன்னியின் வானொலிக்கு என்ன நேர்ந்தது? அது என்ன பேசியது? இன்று என்ன பேசுகிறது? இவற்றைச் சிறிது ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பிலிருந்து வந்த குரல்

இலங்கையின் வானொலி வரலாறு நூறாண்டைக் கடந்துவிட்டது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இருந்த எட்வேட் ஹாப்பர் என்னும் ஆங்கிலேயர் 1923-ஆம் ஆண்டளவிலே பரீட்சார்த்த ஒலிபரப்பைத் தொடங்கினார். முதலாவது உலக யுத்தத்திலே கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டே அவர் தமது ஒலிபரப்பியை அமைத்தார் என்பர். போருக்கென ஆக்கப்பட்ட பொருள் பாட்டுக்குப் பயன்பட்டது எத்துணை நல்ல தொடக்கம்! 1925-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமாயிற்று. 1949-இல் அது ‘ரேடியோ சிலோன்’ ஆனது. 1950-இல் வர்த்தக சேவை பிறந்தது. 1967-இல் கூட்டுத்தாபனமாக மாறியது.

1952-ஆம் ஆண்டளவில் இந்திய அரசின் வானொலி சினிமாப் பாடல்களைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்தபோது, இந்தியா முழுவதும் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பிற்று. தமிழ்நாட்டு மக்களும் கொழும்பிலிருந்து வந்த தமிழ்க் குரலுக்குக் காதைக் கொடுத்தார்கள். எஸ். பி. மயில்வாகனன் அவர்களின் குரலை அறியாத தமிழ் வீடு அக்காலத்தில் இல்லை எனலாம். அவருக்குப் பின் கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீட் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தோர் தமிழ் உச்சரிப்புக்கே இலக்கணமாக விளங்கினார்கள்.

அக்காலத்து நிகழ்ச்சி அமைப்பை நாம் இங்கே குறித்துக்கொள்ளுதல் நன்று. அது ‘நேரசூசி’யின் காலம். இன்ன மணிக்கு இன்ன நிகழ்ச்சி என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். காலையிலே ‘பொங்கும் பூம்புனல்’, பின்னர் மாதர்க்கென, சிறுவர்க்கென, கமக்காரர்க்கென வெவ்வேறு நிகழ்ச்சிகள், மாலையிலே நாடகம். ‘சானா’ என்று அன்போடு அழைக்கப்பட்ட சண்முகநாதன் அவர்களின் ‘லண்டன் கந்தையா’வும், சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ என்ற தொடர் நாடகமும் வீட்டுப் பெண்கள் அடுப்பை மறந்து கேட்டவை. அறிவிப்பாளர் எழுதி வைத்துக்கொண்டு பேசுவார்; எழுத்துத் தமிழிலேயே பேசுவார். கேட்பவர் அவரை மேடையில் நிற்பவராகவே கருதினார்.

வன்னிக்கும் இந்த வானொலியே வந்தது. 1936-ஆம் ஆண்டிலே குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய கிளிநொச்சியில், காடு வெட்டிக் கழனியாக்கிய மக்களுக்கு, இரவில் யானைக்குக் காவலிருக்கும் பரணிலே துணையாக இருந்தது ஒரு வானொலிப் பெட்டி. ஆயினும் அது கொழும்பின் குரல். வன்னியை அது அறிந்திருந்தது மிகக் குறைவே.

பற்றரி இல்லாத ஆண்டுகள்

1990-ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது, வடபகுதிக்குச் செல்லும் பொருள்கள் பலவற்றுக்குத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருள், சவர்க்காரம், மருந்து வகைகள் என நீண்ட அப்பட்டியலிலே வானொலிக்கு வேண்டிய உலர் மின்கலமும் இடம்பெற்றது. பற்றரி என்று நாம் சாதாரணமாக வழங்கும் அந்தச் சிறு உருளை, கடைகளிலிருந்து மறைந்தது. எங்கேனும் ஒன்று கிடைத்தாற் பன்மடங்கு விலைக்குக் கிடைத்தது. மின்சாரமோ முன்னரே நின்றுவிட்டிருந்தது.

தேவையே புதுமைக்குத் தாய் அல்லவா? செத்த மின்கலத்தை வெயிலிற் காய வைத்தார்கள். அதன் அடியிலே துளையிட்டு உப்புநீர் ஊற்றினார்கள். சில மணி நேரம் அது உயிர் பெற்றது. ஆனால் யாவற்றிலும் சிறந்த வழி நாம் மேலே கூறிய துவிச்சக்கரவண்டிதான். வண்டியின் டைனமோ ஏறத்தாழ 6 வோல்ற்று ஆடலோட்ட மின்சாரத்தைத் தரும். வானொலிக்கு வேண்டியதோ நேரோட்டம். ஆகவே இடையிலே ஓர் இருவாயியைப் பொருத்தி, ஓட்டத்தை ஒரே திசைக்குத் திருப்ப வேண்டும். பாடசாலையிற் பௌதிகம் படிக்காத முதியவர்கள்கூட இந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். 1995-ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்து, அவர்களிற் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்தபோது, இந்த வித்தையையும் தம்மோடு கொண்டு வந்தனர். 2002-ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தடை தளர்த்தப்படும்வரை இது நீடித்தது.

இவ்வளவு பாடுபட்டு என்ன கேட்டார்கள்? கொழும்பைக் கேட்டார்கள். இலண்டனிலிருந்து இரவில் அரை மணி நேரம் ஒலித்த பி.பி.சி. தமிழோசையைக் கேட்டார்கள். மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியைக் கேட்டார்கள். வன்னியிலேயே ஒலித்த நிலையத்தையும் கேட்டார்கள். ஒரு நிலையத்தை மட்டும் கேட்டு நம்பிவிடுபவர் அங்கே மிகச் சிலரே. நான்கையும் ஒப்பிட்டு, எது கூட்டிச் சொல்லப்பட்டது, எது மறைக்கப்பட்டது என்று தேநீர்க் கடையிலே ஆராய்ந்து, தாமே ஒரு முடிவுக்கு வருவார்கள். செய்தியை நிறுத்துப் பார்க்கும் கலையை அம்மக்களுக்குக் கற்பித்தது இந்த அனுபவமேயாகும்.

பண்பலையின் இயல்பு

மேலே செல்லுமுன் பண்பலை என்பது யாதென ஒரு சிறிது விளக்குதல் நலம். சிற்றலை வரிசையின் அலைகள் வானத்திலே மிக உயரத்திலுள்ள மின்னேற்றப் படையில் மோதித் திரும்புகின்றன. அதனாலே மணிலாவிற் பேசுவது மாங்குளத்திற் கேட்டது. மத்திய அலை நிலத்தைத் தழுவிச் செல்வது. அதன் ஓர் அலையின் நீளமே சில நூறு மீற்றராகும். எஃப்.எம். என்று வழங்கும் பண்பலையோ 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள வரிசையிலே செல்வது. அதன் அலை ஏறத்தாழ மூன்று மீற்றர் நீளமே உடையது. அது பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்லும். ஒலிபரப்புக் கோபுரத்தின் உச்சியிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால்வரைதான் அதன் ஆட்சி. ஆனால் அந்த எல்லைக்குள்ளே இரைச்சல் இல்லை. இடிமின்னலின் கரகரப்பு இல்லை. அருகிருந்து பேசுவதுபோற் கேட்கும். 1930-களில் அமெரிக்காவிலே எட்வின் ஆம்ஸ்ட்ரோங் என்பவர் இம்முறையைச் செம்மைப்படுத்தினார்.

ஆகவே பண்பலை இயல்பிலேயே ‘ஊர் வானொலி’. உலகைச் சுற்றிவர அதனால் இயலாது. ஒரு மாவட்டத்தோடு உறவாடவே அது பிறந்தது. இந்த உண்மையை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளல் வேண்டும். இக்கட்டுரையின் முடிவில் இது நமக்கு வேண்டியதாகும்.

வன்னியில் ஒலித்த நிலையம்

வன்னி மண்ணிலிருந்து நாள்தோறும் ஒலித்த பண்பலை நிலையத்தின் வரலாறு போரோடு பிணைந்தது. விடுதலைப் புலிகள் இயக்கத்தின் ‘புலிகளின் குரல்’ 1990-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் திகதி தொடங்கப்பட்டது. 1995-இல் நேர்ந்த பேரிடப்பெயர்வின் பின் அது வன்னியிலிருந்து இயங்கிற்று. நிலையம் ஓரிடத்தில் நிலைத்து நிற்க முடியவில்லை. போர்முனை நகர நகர, ஒலிபரப்பியும் காட்டுக்குக் காடு நகர்ந்தது.

அது ஓர் இயக்கத்தின் வானொலி. இயக்கத்தின் நோக்கமே அதன் நோக்கமாயிருந்தது. போர்ச் செய்தியும் இயக்கப் பாடல்களும் அதன் முதுகெலும்பாக இருந்தன. மாற்றுக் கருத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை என்பதையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. ஆயினும் வன்னிக் கிராமங்களின் பெயர்கள் அன்றாடம் வானொலியில் ஒலித்ததும், உள்ளூர் இளைஞரும் யுவதிகளும் ஒலிவாங்கியின் முன் அமர்ந்ததும், உள்ளூரில் எழுதப்பட்ட நாடகங்கள் நடிக்கப்பட்டதும் அந்த அலைவரிசையிலேதான். போர் நிறுத்த உடன்பாட்டின் பின், 2003-ஆம் ஆண்டளவில் அது அரசாங்கத்தின் அனுமதிப் பத்திரத்தோடும் ஒலிபரப்பாயிற்று. புதிய கருவிகள் வந்து இறங்கியமை பற்றிக் கொழும்பிலே பெருஞ் சர்ச்சையும் எழுந்தது.

உடன்பாடு குலைந்தது. ஆகாய வழியாக வந்த குரலுக்கு ஆகாய வழியாகவே குண்டும் வந்தது. 2007-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் திகதி மாலை கிளிநொச்சியிலிருந்த அந்நிலையத்தின் மீது விமானப் படை குண்டு வீசியது. பணியாளர் உட்படப் பலர் உயிரிழந்தனர். ஒலிபரப்பின் உள்ளடக்கம் எதுவாயினும், ஊடகத்தார் மீதான இராணுவத் தாக்குதலை ஏற்க முடியாதென ஐக்கிய நாடுகளின் கல்வி, பண்பாட்டு நிறுவனமான யுனெஸ்கோவின் தலைவர் அப்போது கண்டித்தார். அதே ஆண்டு ஒக்டோபரிலே கொழும்பிலும் சூரியன் எஃப்.எம். உள்ளிட்ட ஐந்து அலைவரிசைகளின் அனுமதி அரசாங்கத்தால் இரத்துச் செய்யப்பட்டு, பின்னரே அவை மீண்டும் ஒலித்தன. வானொலி நடத்துவோர்க்கு அது எங்கும் நல்ல காலமாக இருக்கவில்லை.

2009-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்தின் வசமாயிற்று. மே மாதத்தில் போர் முடிந்தது. வன்னியின் வானொலியும் அத்தோடு ஓய்ந்தது. இலட்சக்கணக்கான மக்கள் வவுனியாவுக்கு அப்பால், மெனிக் பாம் முகாம்களிலே தறப்பாள் கூடாரங்களுக்குள் இருந்தார்கள். யார் எந்த முகாமிலே இருக்கிறார், யார் உயிரோடு இருக்கிறார் என்பதே அன்று ஒவ்வொருவரும் அறியத் துடித்த செய்தி. அதனை ஊரவர்க்கு ஊரவர் குரலிலே சொல்ல ஒரு நிலையமும் அவர்களுக்கென எஞ்சவில்லை.

ஒரு மணி நேரம் என்னும் வட்டம்

இதற்கிடையே தென்னிலங்கையிலே வானொலியின் உருவமே மாறிவிட்டிருந்தது. 1990-களின் முற்பகுதியில் தனியார் பண்பலை நிலையங்கள் தோன்றின. 1998-இல் சூரியன் எஃப்.எம்., சக்தி எஃப்.எம். ஆகிய தமிழ் அலைவரிசைகள் ஆரம்பமாயின. பின்னர் மேலும் சில சேர்ந்தன. அரச கூட்டுத்தாபனமும் தனது வர்த்தக சேவையைத் ‘தென்றல்’ என்னும் பெயரோடு புதுக்கிற்று.

இந்நிலையங்களின் அமைப்பு முற்றிலும் வேறானது. நேரசூசி என்ற பழைய ஏணி போய்விட்டது. இருபத்துநான்கு மணி நேரமும் ஒலிபரப்பு. நாள் நாலைந்து பெருந் துண்டுகளாக வகுக்கப்படும். ஒவ்வொரு துண்டையும் ஓர் அறிவிப்பாளர் அல்லது இருவர் சேர்ந்து நடத்துவர். அவர் எழுதி வைத்துப் பேசுவதில்லை, தோழனைப்போல் உரையாடுகிறார். நேயரும் தொலைபேசியில் வருகிறார். தம் பெயரைச் சொல்கிறார். தம் மைத்துனியின் பிறந்த நாளுக்கு ஒரு பாட்டைக் கேட்கிறார்.

இத்தொழிலில் உள்ளோர் ஒரு மணி நேரத்தை ஒரு வட்டமாக வரைவார்கள். அந்த வட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி, இங்கே புதுப்பாட்டு, இங்கே விளம்பரம், இங்கே தலைப்புச் செய்தி, இங்கே நிலையத்தின் பெயர் என்று குறிப்பார்கள். நாளின் எல்லா மணிக்கும் அதே வட்டந்தான். பாட்டைத் தெரிவு செய்வதும் பெரும்பாலும் கணினியே. எந்தப் பாட்டு எத்தனை மணிக்கொரு முறை வரவேண்டும் என்று அதற்கு முன்பே கட்டளையிடப்பட்டிருக்கும். பழைய அறிவிப்பாளர் இசைத்தட்டுக் களஞ்சியத்துக்குட் சென்று தம் சுவைக்கேற்பத் தேடி எடுத்த காலம் கழிந்துவிட்டது.

இம்மாற்றத்தை நாம் முற்றாகக் குறை கூறுவதற்கில்லை. நேயரை வாய்திறக்க வைத்தது பண்பலைதான். முன்பு தபால் அட்டையில் எழுதி மூன்று வாரம் காத்திருந்த கிராமத்துப் பெண், இன்று உடனுக்குடன் தன் குரலைத் தானே கேட்கிறாள். அது சிறிய காரியமன்று. மொழியின் தரம் குன்றிவிட்டது, ஆங்கிலம் கலந்துவிட்டது என்று முதியோர் வருந்துவதிலும் நியாயம் உண்டு. ஆயின் மேடைத் தமிழிலேயே என்றும் பேசவேண்டுமென வீட்டுக்குள் வரும் தோழனை நிர்ப்பந்திக்கவும் இயலாது.

நமது குறை வேறு. இந்தத் தோழன் வன்னியில் வாழ்பவன் அல்லன் என்பதே அது.

கோபுரம் ஒன்று

மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே ஏ-9 வீதியிற் செல்வோர் கொக்காவில் என்னுமிடத்தில் ஒரு பெருங் கோபுரத்தைக் காணாதிருத்தல் இயலாது. முன்னர் அங்கே ரூபவாஹினியின் அஞ்சல் நிலையம் இருந்தது. அதற்குக் காவலாயிருந்த இராணுவ முகாம் 1990-ஆம் ஆண்டு ஜூலையிலே புலிகளின் தாக்குதலில் வீழ்ந்தது, நிலையமும் அழிந்தது. போர் முடிந்தபின் அதே இடத்தில் 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் எழுப்பப்பட்டு, 2011-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் திகதி திறந்து வைக்கப்பட்டது. கொழும்பிலே தாமரைக் கோபுரம் எழும்வரை இதற்கு நிகரான உயரம் இலங்கையில் வேறெதற்கும் இருக்கவில்லை.

174 மீற்றர் உயரத்திலிருந்து புறப்படும் பண்பலை, தட்டையான நிலத்தில் ஏறத்தாழ 54 கிலோமீற்றர் தூரம் தடையின்றிச் செல்லும் என்பது கணக்கு. வன்னியோ மலையற்ற சமநிலம். ஆகவே மேற்கே பூநகரிக் கரையும், கிழக்கே முல்லைத்தீவுக் கடலும், தெற்கே வவுனியாவின் வாயிலும் அந்தக் கோபுரத்தின் நிழலுக்குள் அடங்கும். வன்னி மாதா ஒரே நேரத்தில் தன் மக்கள் யாவரையும் அழைத்துப் பேச விரும்பினால் அவளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆனால் இன்று அந்த உயரத்திலிருந்து இறங்கி வருவது பெரும்பாலும் கொழும்பு மாநகரின் மாடிக் கட்டடங்களிலே பேசப்படும் பேச்சும், சென்னையிலே பாடப்பட்ட பாட்டுந்தான். கொழும்பில் எந்த வீதியிலே வாகன நெரிசல் என்பதை முறிகண்டியிலே கச்சான் வறுக்கும் அம்மையார் நாள்தோறும் அறிகிறார். இரணைமடுவின் நீர்மட்டம் என்னவென்பதை அவர் அயலாரிடம் கேட்டே அறிகிறார்.

நாம் அண்மையில் அவ்வழியே சென்றபோது பரந்தனுக்கு அருகே ஒரு வீட்டிற் சிறிது தங்கினோம். அவ்வீட்டு மூதாட்டியார் வானொலியைப் பற்றிப் பேசுகையில், தம் தமையனார் இறந்த செய்தியை வானொலியின் மரண அறிவித்தல் மூலமே தாம் அறிந்ததாகக் கூறினார். பாதை பூட்டியிருந்த காலம் அது. தொலைபேசி இல்லை, தந்தி இல்லை, கடிதம் வர மாதமாகும். கூட்டுத்தாபன வானொலி வாசித்த நீண்ட பட்டியலிலே திடீரெனத் தம் பிறந்த ஊரின் பெயரும், தந்தையாரின் பெயரும், பின்னர் தமையனாரின் பெயரும் வந்தன. ‘பெறாமக்கள், மருமக்கள்’ என்று வாசித்து வருகையிற் தம் பெயரும் சகோதரி என்ற இடத்தில் வந்ததாம். தம்மையும் ஒருவராக மதித்து, காற்றின் வழியே வந்து துயரம் சொன்ன அந்தக் குரலை அவர் இன்றும் நன்றியோடு நினைவு கூர்கிறார். இன்றைய வானொலி ஓயாமற் பேசுகிறதென்றும், ஆனால் தம்மைப் பார்த்துப் பேசுவதாகத் தோன்றவில்லை என்றும் அவர் சொன்னார். வானொலி விமர்சகர் பலர் பல பக்கம் எழுதிக் கூறுவதை அவர் ஒரு வாக்கியத்திற் கூறிவிட்டார்.

பிறர் செய்து காட்டியவை

ஊருக்கென ஒரு வானொலி என்பது நடவாத காரியமா? நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. மகாவலித் திட்டத்தின் கீழ் காடு வெட்டிக் குடியேற்றப்பட்ட மக்களுக்காக 1981-இல் யுனெஸ்கோவினதும் டென்மார்க்கினதும் உதவியோடு மகாவலி சமுதாய வானொலி தொடங்கப்பட்டது. தயாரிப்பாளர்கள் கிராமங்களிலே நாட்கணக்கில் தங்கி, மக்களின் பேச்சையும் பாட்டையும் சண்டையையும் சமாதானத்தையும் ஒலிப்பதிவு செய்தார்கள். 1989-இல் கொத்மலையிலே சமுதாய வானொலி பிறந்தது. 1990-களின் இறுதியில், இணையம் என்ற சொல்லையே பலர் அறியாத வேளையில், கிராமத்தவர் கேட்கும் கேள்விக்கு அறிவிப்பாளர் இணையத்திலே விடை தேடி, அதனை மக்களின் மொழியிலே வானொலியில் விளக்கிய புதுமையை உலகமே வியந்து பார்த்தது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் பார்ப்போம். பாம்பனிலே 2016-ஆம் ஆண்டு முதல் ‘கடல் ஓசை’ என்னும் சமுதாய வானொலி இயங்கி வருகிறது. அது மீனவர்க்கென மீனவர் நடத்துவது. காற்று எப்படி, அலை எப்படி, கடலுக்குப் போகலாமா என்பதே அதன் முதற் செய்தி. இரணைதீவிலும் நாச்சிக்குடாவிலும் வலை வீசுவோருக்கும் அதே கடல், அதே காற்று. ஆனால் அவர்களுக்கென அத்தகைய ஒரு குரல் இக்கரையிலே எழவில்லை.

இந்தியாவின் உயர் நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டிலே, வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2002-இல் கல்வி நிலையங்களுக்கும், 2006-இல் மக்கள் அமைப்புகளுக்கும் அங்கே சமுதாய வானொலி நடத்த வழி திறக்கப்பட்டது. நமது நாட்டில் தனியாருக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் 1966-ஆம் ஆண்டின் 37-ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 44-ஆம் பிரிவின் கீழ் அமைச்சரின் கையில் வைக்கப்பட்டது. பெருமுதல் கொண்டு நாடெங்கும் ஒலிபரப்புவோருக்கு அப்பாதை பொருந்தும். ஒரு கூட்டுறவுச் சங்கமோ, கமக்காரர் அமைப்போ தன் பிரதேசத்துக்கு மட்டும் சிறு நிலையம் நடத்த முன்வந்தால், அதற்கேற்ற எளிய பாதை ஒன்று வகுக்கப்படுதல் வேண்டும்.

வெள்ளம் தந்த பாடம்

இது வெறும் அபிமானப் பேச்சன்று. 2018-ஆம் ஆண்டு டிசம்பரிலே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெய்த பெருமழையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கின. பல்லாயிரம் குடும்பங்கள் பொதுமண்டபங்களிலே தஞ்சம் புகுந்தன. அத்தகைய இரவிலே மின்சாரம் நிற்கும். கைத்தொலைபேசியின் மின்கலம் வற்றும். அதன் கோபுரமும் சில வேளை ஊமையாகும். ஆனால் இரண்டு பற்றரியில் இயங்கும் ஒரு சிறு வானொலிப் பெட்டி இரவு முழுதும் விழித்திருக்கும். எந்தக் கதவு எப்பொழுது திறக்கப்படும், எந்தப் பாதை மூடப்பட்டது, எந்தப் பாடசாலைக்குச் செல்லலாம் என்று அவ்வூரின் பெயர்களைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்த ஒருவர் சொன்னால் எத்தனை உடைமை காப்பாற்றப்படும்! எத்தனை உயிர் காப்பாற்றப்படும்!

வெள்ளம் ஆண்டுக்கொரு முறை வரும். மற்ற நாட்களில் என்ன பேசுவது என்று சிலர் கேட்கலாம். காலபோகத்துக்கு விதைக்கும் நாள் எது? நெல்லுக்கு இன்று சந்தையில் என்ன விலை? கண்ணிவெடி அகற்றப்படாத நிலம் இன்னும் எங்கே எஞ்சியிருக்கிறது? முல்லைத்தீவின் கூத்துக் கலைஞர் ஒருவருக்குத் தெரிந்த பாட்டு, அவரோடு மறைந்து போகாமல் யார் பதிவு செய்வார்? போரிலே உறவைத் தொலைத்துவிட்டு விடை தேடி நிற்கும் தாய்மாரின் பேச்சை அவர்களின் ஊரவர்க்கு யார் கேட்கச் செய்வார்? இருபத்துநான்கு மணி நேரமும் போதாது போலிருக்கிறதே!

பண்பலையின் காலமே முடிகிறது என்பாரும் உளர். நோர்வே நாடு 2017-ஆம் ஆண்டிலே தனது தேசிய நிலையங்களைப் பண்பலையிலிருந்து எண்முறை ஒலிபரப்புக்கு மாற்றிக்கொண்டது. பி.பி.சி. தமிழோசையும் அதே ஆண்டு ஏப்ரல் இறுதியோடு தன் வானொலி ஒலிபரப்பை நிறுத்தி இணையத்தோடு நின்றது. ஆனால் நோர்வேயும்கூடச் சிறு ஊர் வானொலிகள் பலவற்றைப் பண்பலையிலேயே தொடர விட்டது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். பெரியவர்கள் புதிய வீட்டுக்குக் குடிபோகும்போது, பழைய வீடு ஊரவர்க்குப் பயன்படட்டும் என்பதே அதன் பொருள் போலும்.

வன்னியின் வானொலி பல உருவம் எடுத்தது. கொழும்பின் குரலாக வந்தது; போரின் குரலாக ஒலித்தது; மௌனமாக இருந்தது; பாட்டுப் பெட்டியாக மீண்டது. ஊரின் குரலாக மட்டும் அது இன்னும் முழுமையாக ஆகவில்லை. கோபுரம் இருக்கிறது. மின்சாரம் இருக்கிறது. பேச ஆயிரம் விடயம் இருக்கிறது. கேட்கும் ஆவலோ, மிதியைக் கையினாற் சுற்றிச் செய்தி கேட்ட மக்களிடத்திலே குறைவாக இருக்குமா?

அன்று முற்றத்திலே வண்டியைச் சுற்றிய சிறுவர்கள் இன்று ஊர்ப் பெரியவர்களாயிருக்கிறார்கள். தூரத்துக் குரலைக் கேட்கவே அவர்கள் அவ்வளவு பாடுபட்டார்கள். தங்கள் குரலைத் தாங்களே கேட்பதற்கு இன்னும் ஒரு முறை கை கொடுக்க அவர்கள் பின்னிற்க மாட்டார்கள் என்பது நமது திடமான நம்பிக்கை.